ரெஜிஸ்டரைப் பாருங்க சார்

ஜூலை 1, திங்கள்

ஆன்லைன் கோர்ஸ் படிக்கிறவர்கள் நாள்தோறும் குறிப்பு எழுத வேண்டுமாம். கற்றல் நாட்குறிப்பு என்று அதற்குப் பெயர். இன்று என்ன கற்றேன், கற்றபோது மனதில் என்ன தோன்றியது என்று தட்டச்சு செய்து வாரத்துக்கு ஒருமுறை அவர்கள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அவர்களுக்குப் பிடித்ததை அவர்களுக்கு அனுப்பிக்கொள்கிறேன். இந்த டைரி எனக்கு. மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் சர்க்கரை மாத்திரை விளம்பரம்.

ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று வாங்கப்போகிறார்கள். அதற்காகச் சென்னையிலிருந்து ஒரு தர மேலாளரைப் பிடித்து வந்திருக்கிறார்கள். நிஷாந்த். இருபத்தொன்பது வயது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் எப்போதும் ஒரு டேப்லெட். இன்று லேப் ஆட்களை நிற்க வைத்துச் சொன்னான்.

"டிகிரி இல்லாதவங்க எல்லாரும் இந்த ஆன்லைன் கோர்ஸை முடிச்சே ஆகணும். பன்னிரண்டு வாரம். எழுபது மார்க் எடுக்கணும்."

"எடுக்கலன்னா?" என்று கேட்டேன்.

"லேப்ல வச்சிருக்க முடியாது மேடம். ரிசெப்ஷன்ல ஏதாவது பார்க்கலாம்."

அவன் பிறப்பதற்கு முன்பே இந்த லேபில் ஊசி பிடித்தவள் நான். பாளையங்கோட்டையில் பாதிப் பேரின் ரத்தம் என் கை வழியாகப் போயிருக்கிறது. எனக்கு ரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுக்கப்போகிறார்கள்.

ஜூலை 3, புதன்

பதிவு செய்ய இரண்டு மணி நேரம். பெயர்: ந. சண்முகவடிவு. வயது: 54. தகுதி: டி.எம்.எல்.டி., 1991. "இந்தப் படிப்பிலிருந்து நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?" என்று ஒரு கேள்வி. "முடிவதை" என்று எழுதினேன். குறைந்தது இருபது எழுத்துகள் வேண்டும் என்று சிவப்பில் வந்தது. "சீக்கிரம் முடிந்து தொலைவதை" என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டது.

பிறகு முகத்தைக் காட்டச் சொன்னது. முகம் தெரியவில்லை, வெளிச்சத்துக்கு வாருங்கள் என்று நான்கு முறை சொன்னது. என் வீட்டுக்காரர் டியூப் லைட்டுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவருக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது.

ஜூலை 6, சனி

மூன்று மணிக்கு முதல் நேரடி வகுப்பு. திரையில் நாற்பத்து மூன்று கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு தலை. தூத்துக்குடி, தேனி, ஓசூர் என்று எங்கெங்கோ இருந்து எல்லாம் என் வயதுக்காரர்கள். ஒருத்தர் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். தலைவலி.

ஜூலை 7, ஞாயிறு

தலைவலி இல்லை. வகுப்பு எடுக்கிறவள் பியூலா.

எங்கள் லேபில் 2008-இல் ஏழு மாதம் வேலை பார்த்தவள். அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு தப்பு நடந்தது, அனுப்பிவிட்டார்கள். ஒரே பெயருள்ள இரண்டு பேஷன்ட்டுகளின் ரத்தம் மாறிவிட்டது. ரெஜிஸ்டரில் அவள் கையெழுத்துதான் இருந்தது. அந்தப் பேஷன்ட் பிழைத்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

அதற்குப் பிறகு மேலே மேலே படித்திருக்கிறாள். பெயருக்குப் பின்னால் நான்கு பட்டம். இப்போது எனக்கு வாத்தியார்.

மதியம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. இவர் உப்பு கூடிவிட்டது என்றார்.

ஜூலை 13, சனி

கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் வருகைப் பதிவு எடுத்தாள். பெயரும் ஊரும் வாசிக்கிறாள். "சண்முகவடிவு, பாளையங்கோட்டை" என்று வாசித்துவிட்டு நிறுத்தினாள். இரண்டு விநாடி இருக்கும். "இருக்கேன்" என்று தட்டச்சு செய்தேன். அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். குரல் அதே குரல். ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துவிட்டு, "சரியா?" என்று கேட்கிற பழக்கமும் போகவில்லை. அப்போது என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். "சரியாக்கா? சரியாக்கா?" எரிச்சலாக வரும்.

ஜூலை 19, வெள்ளி

முதல் கட்டுரைக்கு 52 மதிப்பெண். ஓரத்தில் குறிப்பு: "அனுபவம் தெரிகிறது. ஆனால் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்பதற்குக் காரணம் எங்கும் இல்லை."

முப்பத்தொரு வருஷம் செய்வதே காரணம்.

லேபில் எனக்கு அடுத்தவள் கோமதி. சங்கரன்கோவில்காரி, நாற்பத்தி நாலு வயது. நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன். அவளுக்கு 71. "எப்படிட்டி?" என்று கேட்டேன். "வீடியோவ ரெண்டு தடவ பாத்தேங்கா. நீங்க பாக்கலியா?" என்றாள். பார்த்தேன் என்று சொன்னேன். ஓடவிட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தேன் என்று சொல்லவில்லை.

ஜூலை 27, சனி

இன்றைய பாடம், ரத்தம் எடுக்கும்போது வருகிற பிழைகள். பியூலா கேட்டாள்: "டியூப்ல முன்கூட்டியே பேர் எழுதி ஸ்டாண்டுல அடுக்கி வச்சிட்டு, அப்புறம் வார்டுக்குப் போற பழக்கம் யாருக்கெல்லாம் இருக்கு? மறைக்க வேண்டாம். கையைத் தூக்குங்க."

பத்தொன்பது பேர் தூக்கினார்கள். தேனிக்காரர் இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தார். நான் தூக்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. காலையில் நாற்பது பேருக்கு எடுக்க வேண்டுமென்றால் வேறு எப்படி முடியும்? ஆனால் அவளுக்கு முன்னால் எதற்குத் தூக்க வேண்டும்?

"உலகத்துல ரத்தம் மாறுன சம்பவங்கள எடுத்துப் பாத்தா, நிறைய இந்த ஒரு பழக்கத்துலதான் ஆரம்பிக்குது. எடுத்த பிறகு, கட்டில் பக்கத்துலயே நின்னு, பேஷன்ட்டையே பேர் சொல்லச் சொல்லி, அப்புறம் எழுதணும். சரியா?"

என்னைக் குத்துவதற்காகவே வைத்த பாடம்.

ஜூலை 30, செவ்வாய்

இரண்டாவது கட்டுரைக்கு 49. இனிமேல் பொறுக்க முடியாது. கோர்ஸ் நடத்துகிற நிறுவனத்துக்குப் புகார் எழுதிவிட்டேன். படிவத்தில் "காரணம்" என்ற இடத்தில் முன்விரோதம் என்று போட்டேன். "விவரம்" என்ற இடத்தில், இவர் முன்பு எனக்குக் கீழே பணிபுரிந்து நீக்கப்பட்டவர், அதற்குப் பழி வாங்குகிறார், வேறொருவர் திருத்த வேண்டும் என்று எழுதினேன்.

அனுப்பிய பிறகு மனம் லேசாக இருந்தது. வாழைக்காய் பஜ்ஜி போட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பதில் வந்தது. என் கட்டுரைகளைப் பெயர் தெரியாமல் வேறொருவர் திருத்துவாராம். பியூலா கொடுத்த விளக்கத்தையும் இணைத்திருந்தார்கள்.

"இவருடன் முன்பு ஒரே இடத்தில் பணிபுரிந்திருக்கிறேன். முன்விரோதம் எதுவும் இல்லை. வேறொருவர் திருத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை."

இவ்வளவுதான். திட்டியிருக்கலாம். நடந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பதில் சொல்லத் தயாராக இருந்தேன். பதிலையெல்லாம் குளிக்கும்போது வரிசையாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டாள். இதுவும் ஒரு திமிர்.

ஆகஸ்ட் 14, புதன்

புதியவர் திருத்திய மதிப்பெண்கள் வந்தன. முதல் கட்டுரைக்கு 41. இரண்டாவதுக்கு 38.

அவள் எனக்குக் கூட்டித்தான் போட்டிருக்கிறாள்.

இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலையில் லேபில் ஒரு சின்னக் குழப்பம். இரண்டு டியூப் மாறிவிட்டது. பழைய ரிசல்ட்டோடு ஒத்துவரவில்லை என்று கம்ப்யூட்டரே பிடித்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிஷாந்த் வந்து கேட்டான். தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 21, புதன்

கோமதி என்னோடு சாப்பிட வரவில்லை. பசியில்லை என்றாள். பிறகு எக்ஸ்ரே ரூமில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

கோமதிக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது மெமோ வந்தால் வேலை போய்விடும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். அந்த டியூப்களில் முன்கூட்டியே பெயர் எழுதியது நான். எடுத்ததும் நான். கம்ப்யூட்டரில் கோமதியின் லாகின் திறந்திருந்தது, அதிலேயே பதிந்துவிட்டேன். நிஷாந்த் வந்து, "யாரு எடுத்தது?" என்று கேட்டான். என் வாய் தானாகத் திறந்தது. "சிஸ்டத்துல பாருங்க, யாரு லாகின்ல இருக்குன்னு." கோமதி என்னைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

இன்று இவரிடம் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மடித்து வைத்தார்.

"அந்தப் பிள்ள விஷயம் மாதிரியா?"

"எந்தப் பிள்ள?"

"ஏன் வடிவு, தெரியாத மாதிரி கேக்க? பியூலா. வேலைய விட்டு நிப்பாட்டுன மறுநாள் நம்ம வீட்டுக்கு வந்துச்சுல்லா? மழ பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நீ அடுப்படிக்குள்ள நின்னுக்கிட்டு, இல்லன்னு சொல்லச் சொன்ன. நானும் இல்லன்னேன். 'அக்கா செருப்பு கெடக்கே சார்'னு அது கேட்டுச்சு."

இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட இவர் இதைப் பேசியதில்லை.

"நீங்க ஏன் அப்பவே என்னையக் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லியிருப்பியாக்கும்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் பேப்பரை விரித்தார்.

ஆகஸ்ட் 26, திங்கள்

நிஷாந்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். கோமதியின் மெமோவை ரத்து செய்து எனக்குக் கொடுத்தார்கள். கோமதியிடம் போய் நின்றேன். ரத்தம் சுழற்றுகிற சென்ட்ரிஃப்யூஜில் டியூப் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ஆறு நாள் ஆயிருக்குக்கா. நீங்க சொல்லுவிய சொல்லுவியன்னு ஆறு நாளும் பாத்தேன்."

"சொல்லிட்டேம்லாட்டி."

"சொன்னிய. இனிமே என் டியூப நீங்க தொடாதிய. உங்க டியூப நான் தொட மாட்டேன்."

ஆகஸ்ட் 28, புதன்

மதியம் லீவு போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். இதை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது.

2008, ஆகஸ்ட் 21. பிரசவ வார்டில் இரண்டு உலகம்மாள் இருந்தார்கள். நாலாம் கட்டில் ஒருத்தி, ஒன்பதாம் கட்டில் ஒருத்தி. காலையில் லேபிலேயே எல்லா டியூப்களிலும் பெயரும் கட்டில் எண்ணும் எழுதி ஸ்டாண்டில் அடுக்கிக்கொண்டு போனேன். போனது நான். பியூலா இல்லை. அவள் கீழே வெளிநோயாளிகளுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் கட்டில்காரியின் ரத்தத்தை நாலாம் கட்டில் டியூபில் விட்டிருக்கிறேன். அதை இதில் விட்டிருக்கிறேன். பேசிக்கொண்டே எடுத்தேன். எதைப் பற்றிப் பேசினேன் என்று நினைவில்லை.

வார்டு ரெஜிஸ்டரை நான் எழுதுவதே இல்லை. மதியத்துக்கு மேல் ஜூனியரை உட்கார வைத்து எழுதச் சொல்வேன். "எடுத்தவர்" என்ற இடத்தில் நீயே கையெழுத்துப் போட்டுவிடு என்பேன். அவள் போடுவாள்.

நாலாம் கட்டில் உலகம்மாளுக்கு மறுநாள் ஆபரேஷன் செய்து குழந்தை எடுத்தார்கள். உதிரப்போக்கு அதிகமாகி ரத்தம் ஏற்றினார்கள். தப்பான வகை. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன.

பெரிய டாக்டர் அறையில் விசாரணை. பியூலாவும் நானும் நின்றோம். "அக்காதான் எடுத்தாங்க சார்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது மூன்றே வார்த்தை.

"ரெஜிஸ்டரைப் பாருங்க சார்."

உலகம்மாள் வீட்டுக்காரரிடம், தப்புச் செய்த பெண்ணை வேலையை விட்டு அனுப்பியாயிற்று என்று சொன்னார்கள்.

பேஷன்ட் பிழைத்துவிட்டாள் என்று ஜூலையில் எழுதியிருக்கிறேன். பிழைத்தாள். வாரம் இரண்டு டயாலிசிஸ், எங்கள் ஆஸ்பத்திரியிலேயே. ஒவ்வொரு மாதமும் ரத்தம் எடுக்க வேண்டும். மற்றவர்கள் எடுத்தால் கையை இழுத்துக்கொள்வாள். "அந்த அக்காவக் கூப்பிடுங்க, அவ்வொ எடுத்தா வலிக்கவே வலிக்காது" என்பாள். நான் போவேன். நான்கு வருஷம் போனேன். அவள் மகன் நடக்கப் பழகியது எங்கள் லேப் வராந்தாவில்தான். 2012 தீபாவளிக்கு முந்தின வாரம் இறந்துபோனாள்.

செப்டம்பர் 7, சனி

இறுதிக் கட்டுரைக்குத் தலைப்பு வந்துவிட்டது. உங்கள் பணியிடத்தில் நடந்த உண்மையான பிழை ஒன்று, அதில் உங்கள் பங்கு, மூல காரணம், திருத்த நடவடிக்கை. பாதி மதிப்பெண் இதற்கும் நேர்முகத்துக்கும்தான்.

ஃபிரிட்ஜின் குளிர் குறைந்து மருந்து கெட்டுப்போன கதையை எழுதினேன். நன்றாகவே வந்தது. மூன்று பக்கம். வாசித்துப் பார்த்துவிட்டு அழித்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

எழுதி ஏற்றிவிட்டேன். பேஷன்ட் பெயரையும், பிறகு அவள் என்ன ஆனாள் என்பதையும் மட்டும் போடவில்லை. மற்றதெல்லாம் இருக்கிறது.

"திருத்த நடவடிக்கை" என்ற பகுதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. காலியாக விட்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். 2008-இல் நடந்தது என் தப்பு, பியூலா அந்த வார்டுக்கே போகவில்லை, அவர் பெயரில் உள்ள நடவடிக்கையை நீக்கி அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், உலகம்மாள் குடும்பத்துக்கும் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

நிஷாந்த் அதை இரண்டு தடவை படித்தான். கதவைச் சாத்தினான்.

"மேடம், இது இப்ப எதுக்கு? தரச்சான்றுக்கு ஆள் வர நேரம். கோர்ஸ் கட்டுரையில பேரை மாத்திப் போட்டுட்டுப் போயிருக்கலாமே."

"பேர மாத்திப் போட்டதுதான தம்பி மொத்தத் தப்பும்."

"அவங்க கேஸ் போட்டா?"

"போடட்டும்."

"உங்க பேரும் வரும். நாலு வருஷத்துல ரிட்டயர்மென்ட். ஒரே ஒருநாள் யோசிங்க. நான் இந்த லெட்டரைப் பார்க்கல."

மேஜையில் இருந்த முத்திரையை எடுத்து, என் கையிலிருந்த நகலில் நானே குத்தினேன். "கையெழுத்துப் போடுங்க, வாங்கிக்கிட்டேன்னு." அவன் முகம் சிவந்துபோனது. போட்டான்.

செப்டம்பர் 21, சனி

நேர்முகம். மூன்று மணிக்கு எல்லோரும் திரையில் இருக்க வேண்டும், ஆளுக்கு ஐந்து நிமிடம். கேட்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் நரைத்த மனிதர், இன்னொருத்தி பியூலா.

எனக்கு முன்னால் ஓசூர்க்காரி பேசினாள். அவளுடைய பிழை, ஒரு ஃபிரிட்ஜ்.

என் முறை வந்தது. முதல்முறையாகக் கேமராவைப் போட்டேன். தாளைப் பார்த்து வாசித்தேன். நிமிரவே இல்லை. "மூல காரணம், முன்கூட்டியே பெயர் எழுதியது. அதைவிடப் பெரிய காரணம், விசாரணையில் பொய் சொன்னது. பொய் சொன்னவள் நான். அதனால் வேலை போனது ஒரு ஜூனியருக்கு. அவர் பெயர் பியூலா" என்று முடித்தேன். யாருடைய மைக்கிலிருந்தோ ஒரு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. யாரும் அதை அணைக்கவில்லை.

நரைத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "பேஷன்ட் என்ன ஆனாங்க?"

"நாலு வருஷம் டயாலிசிஸ்ல இருந்தாவ. 2012-ல இறந்துட்டாவ."

அப்போதுதான் நிமிர்ந்தேன். பியூலாவின் கட்டம் கறுப்பாக இருந்தது. கேமராவை அணைத்திருந்தாள். அவளுக்கு இது தெரியாது. இறந்தது தெரியவே தெரியாது.

ஒரு நிமிடம் போலக் கழித்துத் திரும்ப வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"திருத்த நடவடிக்கைங்கற பகுதி காலியா இருக்கு."

"நேத்துக் காலைல ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"பிழை நடந்ததுக்கும் தெரிவிச்சதுக்கும் நடுவுல எவ்வளவு காலம்னு எழுதணும். அதுவும் விட்டுப்போயிருக்கு."

"பதினாறு வருஷம், ஒரு மாசம்."

"சரி" என்றாள். குறித்துக்கொண்டாள். "அடுத்து, தூத்துக்குடி."

செப்டம்பர் 24, செவ்வாய்

காலை பத்து மணிக்குப் போன். புது நம்பர்.

"பியூலா பேசுதேன். மேடம்னே கூப்பிடுதேன். அக்கான்னு வர மாட்டேங்கு."

"எப்படி வேணா கூப்பிடும்மா. நான் ஒங்கிட்ட..."

"மன்னிப்புக் கேக்காதிய. அதுக்குக் கூப்பிடல. நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அன்னைக்கு நான் அந்த வார்டுக்குப் போகவே இல்லதான?"

"இல்ல. நீ கீழ இருந்த."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா."

"ரெண்டு வருஷம் நானே எடுத்ததா நெனச்சுக்கிட்டு இருந்தேன். ரெஜிஸ்டர்ல என் கையெழுத்து இருக்கு. பெரியவ்வொ சொல்லுதாவ. நாந்தான் எடுத்துட்டு மறந்துட்டேனோன்னு. நாலாம் கட்டில்ல நான் நிக்க மாதிரி எனக்கு ஞாபகமே வந்துட்டு. இல்லாத ஞாபகம். அதுக்கப்புறம் ஒரு டியூப் எடுக்கதுக்குள்ள பத்துத் தடவ பேர் கேப்பேன். கிறுக்கின்னாங்க. அதையே பாடமா எடுத்துப் பொழைக்கேன் இப்ப."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"எனக்கு அந்த லெட்டரோட நகல் வேணும். உங்க கையெழுத்தோட. எங்கம்மாட்ட காட்டணும். அன்னையிலேர்ந்து எங்கம்மா என்னைய நம்பல. என் தங்கச்சிப் பிள்ளைக்கு மருந்து ஊத்தக்கூட என்னைய விட மாட்டாவ."

"இன்னைக்கே அனுப்புதேன்."

"உலகம்மாள் மகனுக்கு இப்ப பதினாறு வயசு. அவனுக்கும் அவங்க அப்பாவுக்கும் நீங்களே நேர்ல போய்ச் சொல்லணும். ஆஸ்பத்திரி சொல்லட்டும்னு இருக்கக் கூடாது."

"போறேன்."

வைத்துவிட்டாள்.

தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

அம்பாசமுத்திரத்துக்கு இவரோடு பஸ்ஸில் போனேன். உலகம்மாள் வீட்டுக்காரர் பலசரக்குக் கடையில் வேலை செய்கிறார். கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். மகன் பள்ளிக்கூடம் போயிருந்தான்.

அவர் முழுவதும் கேட்டார். "அவ சாவுக்கு நீங்க வந்தியள்லா? மாலகூடப் போட்டிய" என்றார். பிறகு, "போயிருங்க. மகன் வாரதுக்குள்ள போயிருங்க. அவன்ட்ட எப்பச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கத்தை எனக்குக் கொடுத்தார்.

செப்டம்பர் 30, திங்கள்

ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டேன். பியூலாவுக்குக் கடிதம் அனுப்புவது குறித்துச் சட்ட ஆலோசனை கேட்கிறார்களாம். கேட்டு முடியட்டும். நான் வாரா வாரம் போய்க் கேட்பேன் என்று நிஷாந்திடம் சொல்லிவிட்டு வந்தேன்.

கோமதி வாசல் வரை வந்தாள். என் சாப்பாட்டுப் பையை மட்டும் ஆட்டோவில் தூக்கி வைத்துவிட்டுப் போனாள்.

மாலையில் ரிசல்ட். மொத்தம் 68. தேர்ச்சி இல்லை. கட்டுரைக்கு அந்த வேறொருவர் நன்றாகவே போட்டிருக்கிறார். முதலில் எழுதியவை கீழே இழுத்துவிட்டன. நேர்முகத்தில் பியூலா நினைத்திருந்தால் இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட்டிருக்கலாம். போடவில்லை. சரிதான்.

அக்டோபர் 5, சனி

மூன்று மணி. இன்று வகுப்பு கிடையாது என்று தெரிந்தும் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தேன். போன் அடித்தது.

"நீதான் சம்முகவடிவா?"

வயதான குரல். பியூலாவின் அம்மா என்று உடனே தெரிந்தது.

"ஆமாம்மா."

அதற்குப் பிறகு எனக்குப் பேச இடமே இல்லை. என் குடும்பத்தை, என் கையை, என் சோற்றை, ஒன்று பாக்கியில்லாமல் இழுத்துத் திட்டினார்கள். கர்த்தர் உன்னைக் கேட்பார் என்றார்கள். அப்புறம் கர்த்தருக்காக நான் காத்திருக்க மாட்டேன் என்றார்கள். இவர் எதிரில் வந்து நின்று, போனை வைத்துவிடச் சொல்லிக் கை காட்டினார். நான் தலையை ஆட்டினேன்.

நடுவில் குரல் உடைந்தது.

"எம் பிள்ள சத்தியம் பண்ணுனாட்டி. பைபிள்ல கைய வச்சு, நான் எடுக்கலம்மான்னு. நீ படிச்ச பொம்பள, பெரியவ. நீ பொய் சொல்லுவியான்னு நான் அவள அடிச்சேன். இருவத்திரெண்டு வயசுப் பிள்ளய. ஒன் வார்த்தைய நம்பி எம் பிள்ளய அடிச்சேன்."

"ஆமாம்மா."

"ஆமான்னா? ஆமான்னா என்னட்டி அர்த்தம்? அந்த அடிய இப்ப நான் எங்க கொண்டு வைக்க? சொல்லு."

அவர்கள் அழுதார்கள். அழுது முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து திட்டத் தொடங்கினார்கள். காதில் போன் சுட்டது. கை மாற்றி வைத்துக்கொண்டு கேட்டேன். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

நான் வைக்கவில்லை. அவர்களாகத்தான் வைத்தார்கள்.